வார்டில் பிறக்கும் கேள்விகள்

முதுநிலை மருத்துவப் படிப்பில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

இன்னும் சில மாதங்களில் உங்கள் யூனிட் சீஃப் கூப்பிட்டு, "தீசிஸுக்கு என்ன தலைப்பு?" என்று கேட்பார். இரவு ட்யூட்டிக்கும் காலை ரவுண்ட்ஸுக்கும் நடுவே தூங்கக்கூட நேரமில்லாத உங்களுக்கு அது இன்னொரு பாரமாகத்தான் தெரியும். சீனியர் ஒருவர் பழைய தீசிஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்து, மருத்துவமனையின் பெயரையும் வருடத்தையும் மாற்றினால் போதும் என்பார். அதைக் கையில் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நம் மண்ணில் நடந்த சில ஆய்வுகள் உலகத்தின் மருத்துவ வழக்கத்தையே மாற்றியிருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களுக்கும் உங்களைப் போலவே கட்டில் போதவில்லை, மருந்து போதவில்லை, ஆள் போதவில்லை. அந்தப் போதாமையிலிருந்துதான் அவர்களுடைய கேள்விகளே பிறந்தன.

1. தலைப்பை ஓபியில் தேடுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி வெள்ளைக் கோட்டின் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "இது ஏன் இப்படி?" என்று தோன்றுவதை எல்லாம் அதில் எழுதுங்கள். பாம்புக் கடியோடு வருகிறவர்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்? சர்க்கரை மாத்திரை இலவசமாகக் கொடுத்தும் ஏன் பாதிப் பேர் அடுத்த மாதம் வருவதில்லை? மழைக்காலத்துக் காய்ச்சலில் டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைஃபாய்டும் இல்லை என்றால் மிச்சம் என்ன? மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால், திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று இருக்கும். உங்கள் தலைப்பு அதுதான்.

2. சேத்துப்பட்டில் நடந்ததை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளுங்கள்.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதுதான் உலக வழக்கம். ஓய்வு, நல்ல சாப்பாடு, நல்ல காற்று, மாதக்கணக்கில் படுக்கை. நம் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகளைக் கட்டி முடிக்க எந்த அரசாலும் முடியாது. அப்போதுதான் 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை வழிநடத்தினார்.

அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. அதே மருந்தை, நெரிசலான வீட்டிலேயே இருந்துகொண்டு சாப்பிட்டால் குணமாகுமா, ஆகாதா? நகரத்து ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது, இன்னொரு பிரிவு வீட்டில் இருந்தது. இரண்டு பிரிவுக்கும் ஐசோநயாசிடும் பி.ஏ.எஸ்ஸும் ஒரு வருடம். மாத்திரை உள்ளே போகிறதா என்று அறிய, முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக ஏறியது. ஆனால் கிருமி ஒழிவதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியமான காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒரு ஆய்வு, கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். மருந்து வீட்டில் வேலை செய்யுமா என்பதுதான் அங்கே கேள்வி. அதன் முடிவை இழுத்து நீட்டி, காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டில் ரேஷன்ஸ் என்ற பெயரில் ஒரு ஆய்வு நடந்து, 2023-ல் வெளிவந்தது. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு அரிசி, பருப்பு போன்ற உணவுப் பொருளும் சத்து மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. இரண்டு முடிவுகளும் உண்மை. கேள்விகள்தான் வேறு.

3. புத்தகத்தில் இருப்பது உங்கள் நோயாளிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

பாடப்புத்தகத்தை மதியுங்கள். ஆனால் அதில் இருக்கும் எண்கள் யாரைப் பார்த்து எழுதப்பட்டவை என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை போதும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லின. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் ஜான், சொட்டு மருந்து குடித்த நம் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து, பலருக்கு மூன்று தவணையில் எதிர்ப்பாற்றல் வரவில்லை என்று 1972-லேயே எழுதினார். இந்தியாவில் போலியோ ஒழிய எத்தனை கூடுதல் தவணைகள் தேவைப்பட்டன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளிக்கு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் நோய் வந்தது.

சர்க்கரை நோயையும் பாருங்கள். சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. எந்தத் தலையீடும் இல்லாத பிரிவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. அமெரிக்காவில் இதே நிலையில் இருந்தவர்களைவிட நம்மவர்கள் வேகமாக நோய்க்குள் விழுகிறார்கள். நடை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றால் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. இரண்டையும் சேர்த்தபோது கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

ஆப்பிரிக்காவிலிருந்தும் ஒரு பாடம். காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குறைந்து வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்று எல்லாரும் கற்றோம், கற்பித்தோம். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கேத்ரின் மெய்ட்லண்ட் குழு இதைச் சோதித்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய பிரிவுகளில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அப்படி ஏற்றாத பிரிவில் ஏழு. 2011-ல் இது வெளிவந்தபோது பல மூத்த மருத்துவர்கள் நம்ப மறுத்தார்கள். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். அவர்களுக்குத் திரவம்தான் உயிர். ஐசியூவும் வெண்டிலேட்டரும் இருக்கும் ஊரில் பிறந்த வழிமுறை, அவை இல்லாத ஊரில் உயிரைப் பறிக்கலாம். சோதித்துப் பார்க்காமல் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

4. எல்லா நோயாளிக்கும் எடை பாருங்கள்.

வார்டு கேஸ் ஷீட்டில் எடைக்கான இடம் காலியாகவே இருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வருத்தம். எடை பார்க்கும் மெஷின் உடைந்திருக்கும், அல்லது ஸ்டோர் ரூமில் பூட்டியிருக்கும். ஆய்வு என்றதும் விலை கூடிய கருவிகளைத்தான் நினைக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோய் கண்டறிந்த உடனே எடையும் உயரமும், காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா, இவ்வளவுதான் பார்க்கிறார்கள். இதை வைத்தே யார் சாகும் நிலையில் இருக்கிறார் என்று பிரித்து, அவரை உடனே அட்மிட் செய்கிறார்கள். ஸ்கேன் கிடையாது, விலை உயர்ந்த இரத்தப் பரிசோதனை கிடையாது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முடிகிற வேலை.

உங்கள் தீசிஸின் தரம், ப்ரொஃபார்மாவில் நீங்கள் நிரப்பும் முதல் வரியிலேயே தீர்மானமாகிவிடும். மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். எண்ணாமல் எல்லாருக்கும் 18 என்று எழுதாதீர்கள்.

5. நோயாளியின் உடலை முழுக்கப் பாருங்கள்.

ஸ்கிரப் டைஃபஸ் தமிழ்நாட்டில் நிறைய. சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த சிறு பொருக்கு ஒன்று பலருக்கு இருக்கும். அக்குளில், தொடை இடுக்கில், மார்பகத்துக்கு அடியில், இடுப்புத் துணி இறுக்கும் இடத்தில் அது ஒளிந்திருக்கும். திரை போட்டு, பெண் நோயாளி என்றால் நர்ஸை உடன் வைத்துக்கொண்டு, அனுமதி கேட்டு, துணியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். பார்த்துவிட்டால் சில ரூபாய் டாக்ஸிசைக்ளினில் ஒரு உயிர் பிழைக்கும். இந்த நோய் தீவிரமானவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. மேல்நாட்டுக் கம்பெனி எதுவும் இந்தக் கேள்வியை நமக்காகக் கேட்டிருக்காது. நோய் நம்முடையது, கேட்க வேண்டியதும் நாம்தான்.

6. ஒப்புதல் என்பது கையெழுத்து அல்ல.

நம் ஓபியில் வரிசையில் நிற்கும் அம்மா உங்களைத் தெய்வமாக நினைக்கிறார். "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றால் போட்டுவிடுவார், எதற்கு என்று கேட்க மாட்டார். போடாவிட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ, மருந்து கிடைக்காதோ என்ற பயமும் உள்ளுக்குள் இருக்கும். அந்த நம்பிக்கையையும் பயத்தையும் உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தினால் அது திருட்டு.

உட்கார வையுங்கள். அவர் பேசும் தமிழில் சொல்லுங்கள். "இரண்டு மருந்து இருக்கும்மா. எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி, யாருக்கு எதுன்னு முடிவாகும். வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம், வைத்தியம் எப்பவும் போல நடக்கும்." பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம், மகனிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றால் சரி என்று விடுங்கள். நாளை வரட்டும்.

2010-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோரின் ஒப்புதலை முறையாக வாங்காமல், விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டது விசாரணையில் வெளிவந்தது. தடுப்பூசி நல்லது. உலகம் முழுக்கப் போடுகிறார்கள். ஆனாலும் அந்த ஒப்புதல் படிவங்களால் இந்த நாட்டில் அந்தத் தடுப்பூசியின் மேல் விழுந்த சந்தேகம் பல வருடம் நீடித்தது. ஒப்புதலில் காட்டும் அவசரம் நல்ல மருந்தையும் கெடுக்கும்.

7. ஒப்பீட்டுப் பிரிவில் இருப்பவரும் உங்கள் நோயாளிதான்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு நம் பெருமைகளில் ஒன்று. பயிற்சி பெற்ற நர்ஸுகள் வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தே புற்றுநோய்க்கு முந்தைய நிலையைக் கண்டுபிடித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறைய வைக்கும் சிகிச்சையும் தந்தார்கள். அந்தக் கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. பேப் பரிசோதனைக்கான ஆய்வகம் இல்லாத ஏழை நாடுகள் பல இன்று இதே முறையைப் பின்பற்றுகின்றன.

ஆனால் இந்தியாவில் இதுபோல நடந்த ஆய்வுகளின் ஒப்பீட்டுப் பிரிவுகளில் இருந்த பெண்களுக்கு அந்தச் சோதனை கிடைக்கவில்லை. வழக்கமான கவனிப்பு என்று எழுதப்பட்டிருந்தாலும், கிராமத்தில் வழக்கமாக எதுவும் இல்லை. பிற்பாடு கடுமையான விமர்சனம் எழுந்தது. இரு பக்கத்து வாதங்களையும் படியுங்கள். எனக்கு இந்த ஆய்வுகளின் மேல் மதிப்பு உண்டு. இன்று யாராவது அதே வடிவத்தில் ஒரு ஆய்வைக் கொண்டுவந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். பலன் தெரிந்த ஒன்றை, ஊரில் கிடைக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி ஒருவருக்கு மறுக்கக் கூடாது.

8. கணக்குப் போடுகிறவரை முதலிலேயே பாருங்கள்.

தீசிஸ் எழுதி முடித்தபிறகு எக்செல் கோப்போடு புள்ளியியலாளரிடம் ஓடினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. எத்தனை நோயாளி வேண்டும், எதை அளக்கப் போகிறோம் என்பதை முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வந்த பிறகே முதல் நோயாளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியுங்கள். 2007 முதல் அது இருக்கிறது, கட்டணம் கிடையாது.

9. "பலன் இல்லை" என்ற முடிவுக்கு அஞ்சாதீர்கள்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசியை 1968-ல் தொடங்கிச் சோதித்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு அது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. 1979-ல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். எத்தனை பேரின் உழைப்பு, எவ்வளவு எதிர்பார்ப்பு! அந்த முடிவை மூடி மறைத்திருந்தால், பி.சி.ஜி. போட்டாயிற்று என்று உலகம் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைத் தடுப்பதால் இன்றும் பிறந்ததும் அதைப் போடுகிறோம். பெரியவர்களுக்குப் புதிய தடுப்பூசி தேடப்படுவதற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

எதிர்பார்த்தது வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள். தேர்வில் யாரும் அதற்காக உங்களைத் தோல்வி அடையச் செய்யக் கூடாது. செய்தால் தவறு அவர்களுடையது.

10. எண்களை உட்கார்ந்து உருவாக்காதீர்கள்.

இதைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியவில்லை. நூறு நோயாளி வேண்டும், அறுபதுதான் கிடைத்தார்கள், மிச்ச நாற்பதை விடுதி அறையில் நிரப்புவது என்பது நம் கல்லூரிகளில் நடக்கிறது. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. மூன்று வருடத்தில் வார்டு வேலையையும் தீசிஸையும் ஒன்றாகச் சுமத்தி, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் விட்டது எங்கள் தலைமுறையின் குற்றம். அதற்காக நீங்கள் பொய் எழுத வேண்டியதில்லை. அறுபது பேர் என்றால் அறுபது பேர் என்று எழுதுங்கள். ஏன் நூறு கிடைக்கவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

பொய்யான எண் தாளோடு நிற்பதில்லை. நாளை ஒருவர் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும்போது உங்கள் நாற்பது பொய் நோயாளிகளும் அதில் கலப்பார்கள். அதிலிருந்து ஒரு வழிகாட்டுதல் வரும். அதை நம்பி யாரோ ஒருவர் மருந்து எழுதுவார்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடும் பத்திரிகைகளின் அழைப்புகள் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி அவற்றை வளர்த்துவிட்டது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

11. உங்களோடு வேலை செய்கிறவர்களின் பெயரை எழுதுங்கள்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பச்சைக் குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் பிறந்த மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் வெளியிட்டார்கள். அந்த வேலையைச் செய்தது அந்தப் பெண்கள். உங்கள் ஆய்விலும் இரத்தம் எடுத்த லேப் டெக்னீஷியன், ராத்திரி அளவு குறித்த ஸ்டாஃப் நர்ஸ், நோயாளியின் வீட்டைத் தேடிப் போன கிராம சுகாதார செவிலியர் எல்லாரும் இருக்கிறார்கள். முன்பக்கத்தில் அவர்களுக்கு நன்றி எழுதுங்கள். யோசனையிலும் பங்கெடுத்திருந்தால் கட்டுரையில் ஆசிரியராகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

12. ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நீங்கள் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ரவுண்ட்ஸில் அவர்களை இரத்தம் எடுக்கவும் ரிப்போர்ட் வாங்கவும் மட்டும் ஓட விடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு நோயாளி போதும். கட்டில் பக்கத்தில் நின்று, "இவருக்கு ஏன் இந்த மருந்து? எந்த ஆதாரத்தில்?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்கே தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மாணவர்களுக்கென்றே குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தருகிறது. வார்டுக்கு வரும் இளநிலை மாணவர்களில் ஆர்வம் உள்ள பையனையோ பெண்ணையோ கண்டால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து எழுத உதவுங்கள்.

13. முடிவை நோயாளியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

தீசிஸ் பைண்ட் ஆகி, பல்கலைக்கழகத்துக்குப் போய், அலமாரியில் ஏறிவிடும். தேர்வு முடிந்ததும் நீங்கள் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள். போவதற்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்ததை ஒரே பக்கத்தில், எளிய தமிழில் எழுதுங்கள். ஆய்வில் பங்கெடுத்தவர்களில் மறுபடி வருகிறவர்களுக்கு ஓபியில் படித்துக் காட்டுங்கள். அவர்களை அனுப்பிய ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் வார்டில் மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் சீஃபிடம் சொல்லி மாற்றிவிட்டுப் போங்கள். நேரத்தையும் இரத்தத்தையும் கொடுத்தவர்கள் அவர்கள். பதில் முதலில் அவர்களுக்குத்தான் சேர வேண்டும். இதை நீங்கள் செய்ய வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.